விதைக்காதீங்க என்று வந்த அழைப்பு

என் மனைவி வீட்டு முன்னறையில் போன் திருத்துகிறவள். எங்கள் நிந்தவூர்ப் பெண்கள் பழுதான போனை அவளிடம்தான் கொண்டுவருவார்கள். கழன்ற திருகாணியைக்கூட எறிய விடமாட்டாள். ஒருநாள் அவள் இரண்டு பிளாஸ்டிக் பந்துகளை நடுவால் வெட்டிக்கொண்டிருந்தபோது, "என்ன புள்ள, விளையாட்டுச் சாமான் செய்யிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனேன். அந்த நான்கு பாதிகளும் சுழன்று காற்றின் வேகத்தைச் சொல்லும் என்று அப்போது எனக்குத் தெரியாது. திசை காட்ட ஒரு தகர வால் வைத்தாள். தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் வெள்ளைப் பீரிசுகளை இடைவெளி விட்டு அடுக்கி, அந்த நிழலுக்குள் காற்றின் அழுத்தத்தை அளக்கும் சின்ன சென்சரைப் பொருத்தினாள். பழைய தோட்ட விளக்கின் சோலார் தகடு மின்சாரம் கொடுத்தது, ஒரு சிம் செய்தி அனுப்பியது. கடையில் விற்கும் வானிலைக் கருவியை வாங்க எங்களுக்கு வக்கில்லை.

அதை வீட்டுக் கூரையில் வைக்கச் சொன்னவன் நான்தான். வயலில் வைத்தால் களவு போகும் என்று பயம். எங்கள் ஊர்களில் வீடு கடற்கரையில் இருக்கும், வயல் மேற்கே மைல் கணக்கில் தள்ளி இருக்கும். இங்கே வெயில் எரிக்கும்போது அங்கே மழை கொட்டும். இது தெரிந்தும், கூரைக் கருவியை நம்பி முளைவிட்ட நெல்லை வயல் சேற்றில் வீசினேன். அன்றே அங்கே அடித்த மழை அத்தனையையும் வாரிக்கொண்டு போனது. கோபத்தில், கருவியைக் கழற்றி எறி என்று கத்தினேன். அவள் கழற்றினாள், எறியவில்லை.

"பிழை சாமான்ல இல்ல. வெச்ச இடத்திலதான்" என்று சொல்லி, வயலில் இருக்கும் எங்கள் வாடிக் குடிசைக்குப் பக்கத்தில் நட்டுவிட்டு வரும்படி என் கையிலேயே தந்தாள்.

பிறகு அங்கிருந்து வந்த அளவுகளையெல்லாம் கொப்பியில் எழுதினாள். எழுதி எழுதியே, அழுத்தம் இறங்கிக் காற்று வடகிழக்குக்குத் திரும்பினால் அன்றைக்குப் பெருமழை என்று பிடித்துவிட்டாள். அந்தப் பொறுமை எனக்கு ஏழு பிறப்பிலும் வராது.

மிஞ்சிய விதைநெல் ஒரு விதைப்புக்குத்தான் காணும். அதுவும் போனால் அந்தப் போகமே இல்லை. ஊறவைத்து முளை வந்த காலையில், நெல் மூட்டையோடு வரம்பில் நின்றபோது அவள் போனில் அழைத்தாள்.

"இண்டைக்கு விதைக்காதீங்க. நெல்ல நிழல்ல பரத்தி, தண்ணி தெளிச்சி வைங்க. ஒரு நாள் தாங்கும்."

வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. எரிச்சலோடுதான் மூட்டையை வாடிக்குள் இழுத்துப்போய் நெல்லைப் பரப்பினேன். பக்கத்து வயல்காரர் விதைக்க இறங்கியிருந்தார்.

"ஏன் மச்சான் நீங்க எறியல்ல?" என்று கேட்டார்.

பெண்சாதியின் கருவி வேண்டாம் என்றது எனச் சொல்ல வெட்கமாக இருந்தது. "முளை இன்னும் காணாது" என்று சொல்லிவிட்டேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன கையோடு மழை பிடித்தது. வரம்பும் தெரியவில்லை, வாய்க்காலும் தெரியவில்லை. வாடிக்குள் என் நெல் ஒரு மணியும் கெடாமல் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. போனை எடுத்து, "நீ கெட்டிக்காரி புள்ள! நம்மட போகத்தக் காப்பாத்திப்போட்டாய்!" என்று கத்தினேன். அவளை நினைக்க அவ்வளவு பெருமையாக இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பிறகு, "பக்கத்து வயல்காரருக்கும் சொன்னீங்கதானே?" என்று கேட்டாள்.

மழை விட்டதும் அவரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். வரம்பு மூலையில் ஒதுங்கிய முளைகளை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அப்ப காலையில ஏன் மச்சான் சொல்லல்ல?"