வேலியோரக் கிழங்கு

தாமரைச்செல்வியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் நான்தான் எழுதியாக வேண்டும்.

அவளுக்குச் சொந்த ஊர் எழுமலை. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், குடியிருப்பு திருநகரில். பதினோராம் வகுப்பு, வேளாண் பிரிவு. நான் அந்தப் பிரிவின் ஆசிரியர். காலனிச் சங்கம் தந்த காலி மனையில் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துக் காய்கறித் தோட்டம் போட்டிருந்தேன். மற்ற பிள்ளைகள் செல்ஃபி எடுக்கும் நேரத்தில் இவள் மம்பட்டியோடு நிற்பாள். பேச்சு மட்டும் வராது. வாயைத் திறப்பதற்குள் நான் கத்திவிடுவேன், அதுதான் காரணம். என் தொண்டை அப்படி. ஞாயிற்றுக்கிழமை யாரும் எனக்குப் போன் பண்ணக்கூடாது என்பதும் என் சட்டம்.

மாநில மலர் இல்லாமல் தோட்டமா என்று வேலியோரம் செங்காந்தள் வைத்தது நான். பூ அத்தனை அழகு. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு ஆளைக் கொல்லும் விஷம். தாமரைச்செல்விதான் ‘விஷம், தோண்டாதே’ என்று சிவப்பு பெயிண்டில் எழுதிப் பலகை நட்டாள். தை மாதம் கொடி காய்ந்து உதிர்ந்துபோனது. அதை ஒட்டினாற்போல் அடுத்த பாத்தியில் சர்க்கரைவள்ளி.

மாசி முதல் சனிக்கிழமை கிழங்கு தோண்டினோம். தாமரைச்செல்வி குலசாமி கும்பிட எழுமலை போயிருந்தாள். பலகை அதன் இடத்தில் இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு, "சீக்கிரம் தோண்டுங்கடா, தூங்குறீங்களா?" என்று கத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகளில் ஒருத்தி, ஃபர்ஹா, மண்ணும் கிழங்குமாக ஒரு பையில் போட்டு நீட்டினாள். சாருக்கு முதல் பங்கு, அது வழக்கம். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. தாவரவியல் படித்தவனாம் நான், தூ!

மறுநாள் ஞாயிறு. காலை ஏழரைக்குப் போன் அடித்தது. தாமரைச்செல்வி. கட் பண்ணினேன். திரும்ப அடித்தது. மூன்றாவது தடவை போனையே அணைத்துவிட்டேன். சனியன், லீவு நாளிலும் விட மாட்டார்களா என்று எரிச்சல்.

எட்டு மணிக்கு என் மனைவி மீனா கிழங்கு அவித்துத் தட்டில் வைத்தாள். எனக்குச் சர்க்கரை, அதனால் தொடவில்லை. ஒரு துண்டைக் கடித்தவள் முகம் சுளித்தாள்.

"என்னங்க, இது கசக்குது."

"பிள்ளைக வேர்வை சிந்தி வெளைய வச்சது. கசக்குதாம்ல! கீழ போடாம தின்னு!"

தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். மீனா பேசாமல் தின்றாள்.

தட்டு காலியாகிக் கொஞ்ச நேரத்தில் கேட் திறந்தது. தாமரைச்செல்வி, பாவாடையெல்லாம் மண்.

"சார், கெழங்கு தின்னுராதீங்க சார்! காலையில தண்ணி ஊத்தப் போனேன், வேலியோரம் தோண்டிக் கெடக்கு. எல்லார் வீட்டுக்கும் போன் போட்டுட்டேன். யாரு பங்குலயும் அது இல்ல. ஒங்க பையில மட்டுந்தான் பாக்கல."

மீனா காலித் தட்டைப் பார்த்தாள். தாமரைச்செல்விதான் அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். அவருடைய லோடு ஆட்டோவில் மீனாவை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மீனா அப்போது நன்றாகத்தான் இருந்தாள். "ஒண்ணும் செய்யலைங்க" என்று சிரிக்கக்கூடச் செய்தாள். வயிற்றைக் கழுவிய டாக்டர் சிரிக்கவில்லை. "இனிமேதான் ஆரம்பிக்கும். சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்" என்றார்.

வராந்தாவில் காத்திருந்தோம். மணி நகரவே இல்லை. நாலு மணிவாக்கில் தாமரைச்செல்வி பையிலிருந்து இரண்டாக உடைந்த பலகையை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள்.

"நாந்தான் சார் ஒடைச்சேன். போன மாசம் மம்பட்டி பட்டுருச்சு. சொல்லலாம்னு வந்தேன். நீங்க வாளியத் தொலைச்சதுக்கு ஃபர்ஹாவத் திட்டிக்கிட்டு இருந்தீங்க. பயந்து எருக்குழியில ஒளிச்சு வச்சிட்டேன்."

அவள் நிறுத்தவில்லை, அழுதுகொண்டே சொன்னாள்.

"இன்னைக்கும் எட்டு மணிக்கே வந்துட்டேன் சார். கேட்ல கை வச்சேன். உள்ள அக்காவப் பாத்துக் கத்துனீங்க, என்னன்னு வெளங்கல. கோவமா இருக்காங்க, கொஞ்சம் ஆறட்டும்னு வெளியவே நின்னேன்."

உள்ளே மீனா வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தாள். பன்னிரண்டாம் நாள் அவள் தலைமுடி கொத்துக்கொத்தாகச் சீப்போடு வந்தது. மறுபடி முளைக்கும் என்கிறார் டாக்டர்.

என் போன் இப்போது ராத்திரி பகல் எந்நேரமும் திறந்தே கிடக்கிறது. எந்தப் பிள்ளையும் கூப்பிடுவதில்லை. தாமரைச்செல்வி தினமும் தோட்டத்துக்கு வருகிறாள். வேலியோரம் புதுப் பலகை நட்டிருக்கிறாள். நான் பக்கத்தில் போனால் மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றுகொள்கிறாள்.