ஜெயராசா அளவெடுத்த கை

ஜெயராசா கடைக்குள் நுழைந்தால் என் கணவர் நௌபர் ஏணியைச் சாய்த்துப் பரணில் ஏறிவிடுவார். எல்லாம் பயம்தான். ஒரு மழைக்கோட்டு வாங்க அந்த மனிதர் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டதை அவர் இன்னும் மறக்கவில்லை. தையலை இழுத்துப் பார்த்தார், பொத்தான்களைப் போட்டுக் கழற்றினார், பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு கடை நடுவில் குனிந்து தேயிலைச் செடி வெட்டுவது போலக் கையை வீசினார். "குனிஞ்சா முதுகு பிடிக்குதுங்க" என்று கழற்றி வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆனால் அன்று அவர் எடுத்த கோட்டு இன்றுவரை கிழியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்களுடையது பதுளை பஸாரில் விளையாட்டுச் சாமான் கடை. ஜெயராசா ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். வயதேறிய தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டி இறக்கிப் புதிதாகத் துளிர்க்க விடுகிற வேலை அது. அதற்கென்று வளைந்த கத்தி உண்டு. அவருடைய கத்தியை வேறு யாரும் தொடக் கூடாது. கைப்பிடியை உள்ளங்கைக்குத் தக்கபடி தானே செதுக்கியிருக்கிறார். தங்கள் மலையில் இடக்கைக்காரன் ஒருவன் இருக்கிறான் என்றும், அவன் கத்தியை மறுபக்கம் தீட்ட வேண்டும் என்றும் என்னிடம் அரை மணி நேரம் விளக்கியிருக்கிறார். நான் தலையாட்டிக்கொண்டே சப்பாத்துப் பெட்டிகளை அடுக்கினேன். அந்தப் பேச்சை அவரும் நானும் சரியான நேரத்தில் நினைத்துப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த கொப்பித் தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். பென்சிலால் வரைந்த ஒரு கை. ஐந்து விரலும் பிரிந்து, சுண்டு விரல் கொஞ்சம் கோணலாக இருந்தது.

"நம்ம விதுர்ஷா கைங்க. சொஃப்ட்போல் டீமுக்கு எடுத்திருக்காங்க. கிளவுஸ் வேணும்."

இங்கே சொஃப்ட்போல் என்றால் டெனிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட் என்றுதான் பாதிப் பேர் நினைப்பார்கள். இது வேறு. நம் கிராமத்து எல்லே விளையாட்டு மாதிரி அடித்துவிட்டு ஓடுகிற ஆட்டம், பந்து மட்டும் பெரியது. வெறுங்கையால் பிடித்தால் விரல் பிசகும். அவருடைய மகள் விதுர்ஷாவுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்து எல்லேப் போட்டியில் மைதானத்தின் கடைசி எல்லையிலிருந்து அவள் எறிந்த பந்து நேராக வந்து விழுந்ததைப் பார்த்துத்தான் றின்ஸா டீச்சர் அவளைத் தேர்ந்தெடுத்தாராம். பந்து எங்கே விழுந்தது என்று எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அது எந்தக் கையிலிருந்து வந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

எனக்கு ஒரு விதி தெரியும். கிளவுஸ் எறிகிற கைக்கு இல்லை, மற்றக் கைக்கு. அந்தப் பெருமையில் கேட்டேன்.

"புள்ள எந்தக் கையால எழுதுது?"

"சோத்தாங்கையாலதாங்க. அதுல பென்சிலப் பிடிச்சுத்தான் இந்தக் கைய அவளே வரைஞ்சா."

"அப்போ எறியுறதும் அந்தக் கைதான். இடக்கையில மாட்டுற கிளவுஸ் எடுப்போம்."

வளர்கிற பிள்ளை, ஒரு அளவு பெரிதாக எடுங்கள் என்றேன். இங்கே எல்லாத் தாய் தகப்பனும் அப்படித்தான். சப்பாத்து நுனியில் கடுதாசி திணித்து இரண்டு வருஷம் ஓட்டுவார்கள். ஜெயராசா ஒத்துக்கொள்ளவில்லை. "பிடி பெருசா இருந்தா கத்தி கைக்குள்ள சுத்தும்மா" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். தாளிலிருந்த கைமேல் ஒவ்வொரு கிளவுஸாக வைத்துப் பார்த்தார். தோலை முகர்ந்தார். வார்களை இழுத்தார். பந்தை உள்ளே வைத்துத் தலைகீழாகப் பிடித்து, விழுகிறதா என்று பார்த்தார். தன் மூன்று விரலை நுழைத்துக்கொண்டு, "எறிங்கம்மா" என்று என்னையே பந்தெறியச் சொன்னார். நானும் ஐம்பது வயதில், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கடைக்குள் பந்தெறிந்தேன். பரணிலிருந்து நௌபர் சிரித்தது கேட்டது.

கடைசியில் அவர் எடுத்தது நல்ல கிளவுஸ். அளவும் மடிப்பும் தோலும் சரி. ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாமே சரி.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, அன்றைய வேலையை விட்டுவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. கிளவுஸை மேசைமேல் வைத்தார்.

"இதுல ஏதோ பிழை இருக்குங்க நளீராம்மா. இத மாட்டுனதுல இருந்து புள்ளைக்குப் பந்தே போகலையாம். எறிஞ்சா காலடியில விழுதாம். வெள்ளிக்கிழமை மாகாணப் போட்டிக்குப் பேர் எடுக்குறாங்க. இப்படியே இருந்தா எடுக்க ஏலாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் சாமானில் பிழையா? "அவ்வளவு நேரம் பார்த்து எடுத்தது நீங்கதானே ஜெயராசா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் விதுர்ஷா தலைகுனிந்து நின்றாள். தகப்பனைப் போலவே ஒல்லி. அவளைப் பார்த்ததும் என் கோபம் பாதியாகிவிட்டது. ஒரு தோட்டத்துப் பிள்ளை மாகாண அணி வரைக்கும் வந்துவிட்டு, நாங்கள் விற்ற ஒரு சாமானால் வீட்டுக்குத் திரும்புவதா?

அந்த நேரம் பரணில் கரம் போர்டுகளைக் கட்டிக்கொண்டிருந்த நௌபர், "யாராவது அந்தச் சணல் உருண்டைய மேல வீசுங்க" என்று குரல் கொடுத்தார். உருண்டை விதுர்ஷாவின் காலருகே கிடந்தது. அவள் குனிந்து எடுத்து, கூரை விட்டத்துக்கும் மின்விசிறிக்கும் நடுவே, அவர் நீட்டிய கைக்குள் நேராக வீசினாள். அவர் கையை அசைக்கக்கூடத் தேவை இருக்கவில்லை.

இடக்கையால் வீசினாள்.

ஜெயராசா மகளையே பார்த்தார். "எந்தக் கையால எறிஞ்ச?"

அந்தப் பிள்ளை சட்டென்று இடக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது. "தெரியாம எறிஞ்சிட்டேம்பா. சாப்பிடுறது, எழுதுறதெல்லாம் சோத்தாங்கையாலதாம்பா."

"எல்லேயில எறிஞ்சது?"

அவள் கண் நிறைந்துவிட்டது. நான் மேசையைச் சுற்றி வந்து அவள் தோளில் கை வைத்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். எல்லேயில் தூரத்தில் நின்றாளாம், யாரும் பார்க்கவில்லையாம். டீச்சர் முன்னால் அந்தக் கையால் எறிந்தால் திட்டு விழும் என்று நினைத்தாளாம். "அதோட, அப்பா அவ்வளவு நேரம் பாத்துப் பாத்து வாங்குனாங்க. இது வேணாம்னு எப்படிச் சொல்றது?"

ஜெயராசா அப்படியே சப்பாத்துப் போட்டுப் பார்க்கும் பெஞ்சில் உட்கார்ந்தார். "சின்னதுல நொட்டாங்கையாலதாங்க சோறு அள்ளுவா. நாலு பேரு முன்னால அசிங்கமா இருக்குன்னு நாந்தான் அந்தக் கையில வேப்பெண்ணெய் தடவி விடுவேன். அவ அம்மா யசோதினிகூட வேணாம்னா. நாந்தான் கேக்கல" என்றார்.

நான் அவரைக் குறை சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது? எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். இடக்கையால் ரொட்டி பிய்த்ததற்கு என் தங்கைக்கு உம்மா அகப்பைக் காம்பால் போட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எந்தக் கையால் எறிகிறாள் என்று கேட்காமல் எந்தக் கையால் எழுதுகிறாள் என்று கேட்டவளும் நான்தான். எழுதுகிற கையை வீடு திருத்திவிடும். தனியாக நின்று கல்லெறிகிற கையை யார் திருத்தினார்கள்? மேசை இழுப்பறையில் அந்தக் கொப்பித் தாள் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். நாங்கள் அளவெடுத்ததே அவள் எறிகிற கையைத்தான். சரியாக அளவெடுத்து, அந்தக் கையையே மூடி அனுப்பியிருக்கிறோம்.

"நளீரா" என்று பரணிலிருந்து குரல் வந்தது. "அந்தப் பிழையான கிளவுஸ் இங்க கிடக்கு."

நான் மறந்தே போயிருந்தேன். ஐந்து வருஷத்துக்கு முன் வந்த ஒன்று. மாட்டிப் பார்த்த எல்லோரும் பெருவிரல் மறுபக்கம் இருக்கிறது என்று திருப்பித் தந்தார்கள். தைத்தவனுக்குக் கண் தெரியவில்லை என்று நானே எத்தனை முறை திட்டியிருப்பேன். நௌபர் தூசியைத் தட்டிக் கீழே போட்டார். விதுர்ஷா அதை வலக்கையில் மாட்டினாள். பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அது ஒரு நாளும் பிழையாக இருந்ததில்லை, அதற்கான ஆள்தான் வரவில்லை.

ஆனால் ஜெயராசா விடுவாரா? கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கிவிட்டார். தோல் கருவாடு மாதிரி விறைத்திருக்கிறது என்றார். மணிக்கட்டில் லொடலொடவென்று ஆடுகிறது என்றார். அன்றுதான் முதல்முறையாக அவர் நேரம் எடுத்துக்கொள்வது எனக்கு எரிச்சலாக இல்லை. குத்தூசி வாங்கி வாரில் இரண்டு துளை போட்டு இறுக்கினார். நான் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தேன். மூன்று பேரும் மாறி மாறித் தேய்த்தோம்.

பிறகு கடைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கைப் பாதையில் நௌபரை நிற்க வைத்து எறியச் சொன்னோம். முதல் பந்தை எறியுமுன் அவள் தகப்பனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அந்தக் கையாலயே எறி தங்கம்" என்றார் அவர்.

பந்து நௌபரின் நெஞ்சுக்கு நேராகப் போனது. கடையிலிருந்த பெரிய கிளவுஸ் ஒன்றை மாட்டியிருந்தும் நாலாவது பந்தில் அவர் கையை உதறிக்கொண்டு, "போதும், எனக்கு இந்தக் கை வேணும்" என்று உள்ளே வந்துவிட்டார். விதுர்ஷா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இருந்தாலும் மூன்று நாளில் புதுக் கிளவுஸ் பழகுமா? புதன், வியாழன் எனக்கு வியாபாரத்தில் மனம் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து நௌபர் வந்ததும், "எடுத்தாங்களா?" என்றுதான் கேட்டார். சோறு போட்டு வைத்தோம், இரண்டு பேரும் சாப்பிடவில்லை. நாலு மணி தாண்டித் தொலைபேசி அடித்தது.

ஜெயராசாதான். வீட்டு வாசலிலிருந்து பேசினார், சிக்னல் விட்டு விட்டு வந்தது. வழக்கம்போல முதலில் மழையைப் பற்றிச் சொன்னார். வாரில் போட்ட துளை கொஞ்சமும் இளகவில்லை என்றார். நான் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"ஜெயராசா! எடுத்தாங்களா இல்லையா?"

"எடுத்துட்டாங்கம்மா. மொதல் பேஸ்னு ஒரு இடமாம், அதுல நின்னு பந்தப் பிடிக்கச் சொல்லிட்டாங்க. அந்த இடத்துக்கு நொட்டாங்கைக்காரங்கதான் தோதாம். இத்தனை நாளு ஏம்மா மறைச்சேன்னு டீச்சர் கேட்டாங்களாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. நௌபர் பக்கத்தில் நின்று, என்ன, என்ன என்று கையால் கேட்டுக்கொண்டிருந்தார். தலையை ஆட்டிக் காட்டினேன்.

"புள்ள என்ன செய்யுது?" என்றேன்.

"இந்தா பக்கத்துலதான் உக்காந்திருக்கா. எறிஞ்சு எறிஞ்சு தோள் வலிக்குதாம்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கு வேப்பெண்ணெய் தடவுன அதே கைக்கு இப்பதான் நல்லெண்ணெய் போட்டு உருவி விட்டேம்மா. இழுத்துக்கவே இல்ல. நீட்டிக்கிட்டே உக்காந்திருக்கா."

அதற்குப் பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம்.