குட்டிக்கு என்ன குடுக்கறதுங்க?

பிராணித் தீனிக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு வரும் தொழில் வியாதி முதுகு வலி இல்லை, பயம். ஊட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கடை. நாய் பிஸ்கட், கோழித் தீவனம், மாட்டுக்குத் தாது உப்பு என்று எதைக் கேட்டாலும் அசராமல் எடுத்துக் கொடுப்பேன். ஆனால் யாராவது ஜெர்கின் ஜிப்பைக் கொஞ்சமாக இறக்கி, உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தால் போதும், எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். நான் டாக்டர் இல்லை. காந்தலில் இருந்து நடந்து வந்து கடையில் வேலை பார்க்கிற கலா. உள்ளங்கை அளவு உயிரை மேஜை மேல் வைத்துவிட்டு, "குட்டிக்கு என்ன குடுக்கறதுங்க?" என்று கேட்கிறவர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. மருந்துக் கடையிலோ உரக் கடையிலோ நின்று, சொல்லி அனுப்பியது பலிக்க வேண்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், வாங்க, நீங்களும் நம்ம ஆள்தான்.

டானிக் கேட்ட அண்ணன்

சுப்பையா அண்ணன் கிளென்மார்கன் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை காய வைக்கிற அடுப்பைப் பார்ப்பவர். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்தில் இருந்து குடும்பத்தோடு வந்தவர். உள்ளே அனல், வெளியே வந்தால் குளிர், அதனால் அவருக்குத் தீராத முட்டி வலி. அவர் கடைக்குள் வருவதற்கு முன்னால் அவருடைய யூகலிப்டஸ் தைலத்தின் வாசனை வந்துவிடும். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் மணப்பார்கள் என்பதால் நான் அதைக் கண்டுகொண்டதே இல்லை.

அன்று ஜெர்கினுக்குள் இருந்து ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டியை எடுத்து வைத்தார். கண் திறந்திருந்தது, பல் முளைக்கவில்லை. "தாயை நாய் கடிச்சுப் போட்டுருச்சு தங்கச்சி. மத்த குட்டியெல்லாம் போயிருச்சு, இது ஒண்ணுதான் மிச்சம்" என்றார். தாய்ப் பூனை அவர் மனைவி வளர்த்தது. அந்த அம்மா போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். இதைச் சொல்லும்போது அண்ணன் என்னைப் பார்க்காமல் அலமாரியில் இருந்த டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்டேட் லயத்து வரிசையில் அவர் வீட்டில் அவரைத் தவிர மூச்சு விடுவது இனி இந்தக் குட்டி மட்டும்தான் என்று எனக்குப் புரிந்தது. பயம் அப்போதே பிடித்துக்கொண்டது.

மாட்டுப் பால் கொடுத்திருந்தார், குட்டிக்கு வயிற்றாலே போய்க்கொண்டிருந்தது. பூனைக்குட்டிக்கு என்றே வருகிற பால் பவுடரைக் கொடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்க வேண்டும், மல்லாத்தாமல் குப்புற வைத்தே ஊட்ட வேண்டும், பிறகு ஈரப் பஞ்சால் பின்பக்கம் துடைத்துவிட்டால்தான் ஒன்றுக்குப் போகும் என்றெல்லாம் சொன்னேன். "சூடா வெச்சிருங்கண்ணா, குளிர் பட்டா குடிச்ச பாலே செரிக்காதுங்க" என்றும் சொன்னேன். சீக்கிரம் வளர ஒரு டானிக் கேட்டார். பால் பவுடரிலேயே எல்லாச் சத்தும் இருக்கிறது, டாக்டர் சொல்லாமல் எதையும் சேர்க்க வேண்டாம் என்றேன். குட்டியைத் திரும்ப உள்ளே வைத்து ஜிப்பை ஏற்றிக்கொண்டு அவர் சொன்னார்: "டானிக்கு வேணாங்குற, சரி. சூடா வைக்கிறத எனக்குச் சொல்லணுமா தங்கச்சி? நான் அடுப்புக்காரன்!"

எல்லா டப்பாவும் வேண்டுமாம்

குன்னூரில் இருந்து ஒரு மேடம் வந்தார். அவருடைய குட்டி நன்றாகத் தின்று, திரைச்சீலையில் ஏறுகிற வயசு. செல்போனைப் பார்த்துப் பார்த்து கால்சியம், மீன் எண்ணெய், விட்டமின், முடி பளபளக்க ஒரு சிரப் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு வேர்த்துவிட்டது. குட்டிகளுக்கான தீனியில் கால்சியம் அளவாகவே இருக்கிறது. அதற்கு மேல் ஊற்றினால் வளர்கிற எலும்புக்கே கேடு. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள் என்றேன். அவர் முகம் சுருங்க ஒரு தீனிப் பாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி தேவராஜ் அண்ணன் கேட்டார்: "ஏம்மா கலா, நீ யாவாரம் பண்றியா, வர்றவங்களத் தொரத்தி உடறியா?"

நாய் ஒன்றும் சொல்லவில்லை

பைக்காரா படகுத் துறைப் பக்கம் சோளம் சுட்டு விற்கிறவர் போனில் கூப்பிட்டார். அவர் வீட்டில் நாய்க்குட்டிக்கும் பூனைக்குட்டிக்கும் ஒரே தட்டு, ஒரே நாய்த் தீனி. இது எனக்கு அடிக்கடி வருகிற பயம். பூனைக்கு வேண்டிய சில சத்துகள் நாய்த் தீனியில் போதாது, போகப் போகக் கண்ணும் இதயமும் கெட்டுவிடும் என்று பதறிப் பதறி விளக்கினேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டு சொன்னார்: "ஏனுங்க, அதோட பங்கத்தான் இது திங்குது, எங்க நாய் இதுவரைக்கும் ஒண்ணுமே சொல்லலீங்களே!"

காலையில் வந்த போன்

அன்று எதிர்க்கடை தெரியாத மூடுபனி. ஷட்டரைத் தூக்கிய கையோடு போன் அடித்தது. சுப்பையா அண்ணன். "தங்கச்சி, குட்டி எச்சி ஒழுக்குது. நிக்க வெச்சா சாயுது, பால் குடிக்க மாட்டேங்குது." பவுடர் பழசா? அளவைத் தப்பாகச் சொன்னேனா? ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் சொன்னபடியே செய்திருந்தார். "வேற என்னங்கண்ணா குடுத்தீங்க?" என்றேன். "ஒண்ணும் குடுக்கல. நேத்து தும்முச்சு. நீ சூடா வைக்கச் சொன்னியே, நெஞ்சுலயும் முதுகுலயும் நல்லாத் தைலம் தேச்சு உட்டேன்."

இந்த மலையில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். குழந்தை தும்மினால் தைலம், பஸ்ஸில் குமட்டினால் தைலம், தலை கனத்தால் தைலம். பூனைக்கு அது விஷம். தோல் வழியாகவும் இறங்கும், நக்கினால் வயிற்றுக்கும் போகும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் அவரிடம் சொல்லத் தோன்றவில்லை, ஏனென்றால் இங்கே யாரும் தைலத்தை மருந்தாகவே நினைப்பதில்லை.

என்னைக் கிண்டல் செய்கிற தேவராஜ் அண்ணன் அதற்குள் இன்னொரு போனில் மாட்டாஸ்பத்திரி டாக்டரைப் பிடித்துவிட்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு சொட்டு விட்டு உடம்பைக் கழுவுங்கள், நன்றாகத் துடைத்துச் சுற்றி எடுத்து வாருங்கள், வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம் என்று டாக்டர் சொல்லச் சொல்ல நான் இந்தப் போனில் கத்தினேன். பாதியில் லைன் போய்விட்டது. பனி இறங்கினால் அந்தப் பக்கம் டவர் கிடைக்காது. அவர் காதில் எவ்வளவு விழுந்தது என்று தெரியவில்லை. கிளிக்குத் தினை கேட்டவருக்குக் கோழித் தீவனத்தை அள்ளிக் கட்டினேன். தேவராஜ் அண்ணன் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டார்: "நீ ஆஸ்பத்திரிக்கே போயி நில்லும்மா. இங்க நின்னா இன்னொரு உசுரு போயிரும்."

ஆஸ்பத்திரி பெஞ்சு

சுப்பையா அண்ணன் எஸ்டேட் ஜீப்பில் வந்து இறங்கினார். ஜெர்கின் இல்லை. அது முழுக்கத் தைலம் என்று கழற்றி எறிந்துவிட்டு, குட்டியை மனைவியின் பழைய ஸ்வெட்டரில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். நான் கத்தியது எல்லாம் கேட்டிருக்கிறது. டாக்டர் இன்னொரு தடவை கழுவி, ஊசி போட்டு, வெந்நீர்ப் பாட்டில் வைத்த பெட்டிக்குள் படுக்க வைத்தார். இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார்.

நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணன் குளிரில் நடுங்கினார். நான் குளிரில் நடுங்கவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. "அவ பூனைய நானே கொன்னுட்டேன்னு ஆயிரும் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். வெயில் இறங்குகிற நேரத்தில் உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சத்தம். எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவேனோ அதே சத்தம்தான், அன்றைக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்: "பசிக்குதுன்னு கத்துது, ரெண்டு பேரும் ஒக்காந்துட்டே இருக்கீங்க? பாலக் கலக்குங்க!"

வாசனை இல்லாமல் வந்தவர்

பல் முளைத்த குட்டிக்குத் தீனி வாங்க அண்ணன் வந்தபோது, அவர் எதிரில் வந்து நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஏதோ குறைகிறதே என்று யோசித்தேன். வாசனை இல்லை. முன்பைவிட அதிகமாக நொண்டினார். எனக்கு உடனே அடுத்த பயம் தொடங்கியது. "முட்டி எப்படிங்கண்ணா இருக்கு? தைலம் தேக்கறதில்லைங்களா?" என்று கேட்டேன். தீனிப் பாக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படியில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: "வலிச்சா வலிச்சுட்டுப் போகுது. தைலம் தேச்சுட்டா அத மடியில போட்டுக்க முடியாதே தங்கச்சி."

பூனைக்குட்டித் தீனி விற்பது என்ன வேலை என்று யாராவது கேட்டால், சொன்னதை நினைத்துப் பாதி நாளும் சொல்லாமல் விட்டதை நினைத்து மீதி நாளும் நடுங்குவதற்குச் சம்பளம் வாங்குவது என்றுதான் சொல்வேன்.