துவாதசிக் கீரையும் பனகல் பார்க் சோதனைக் குழாயும்

சென்ற ஐப்பசியில் கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போய் மூன்று வாரம் தங்கினேன். கடற்கரையில் காற்று வாங்கப் போகவில்லை. மயிலாப்பூரில் இருக்கும் என் தங்கை கமலத்துக்கு இருதய வால்வில் சுருக்கம். ஆவணியில் அவள் இருதயத்திலிருந்து கிளம்பிய ரத்தக் கட்டி ஒன்று இடது தொடையில் போய் அடைத்துக்கொள்ள, கால் சில்லிட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் ரணசிகிச்சை செய்து, கட்டியை எடுத்துக் காலைக் காப்பாற்றினார்கள். அதன் பிறகு, ரத்தம் எளிதில் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அவள் கணவர் ஆபீசுக்குப் போகிறவர். ரத்தச் சோதனைக்கு அழைத்துப் போக ஆள் வேண்டும் என்று எழுதினார். பென்ஷன் வாங்கும் வாத்தியாருக்கு வேறென்ன வேலை?

நான் போய்ச் சேர்ந்தது தசமி. மறுநாள் ஏகாதசி, கமலம் துளசித் தீர்த்தத்தோடு சரி. துவாதசி விடியற்காலையில் விரதத்தை முடிக்கும் பாரணை: அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். பட்டினி கிடந்தவள் அல்லவா, சாதத்தைவிடக் கீரையே இலையில் அதிகமாக இருந்தது. எனக்கும் இரண்டு கரண்டி கிடைத்தது.

அடுத்த நாள் டாக்டரிடம் போனோம். கமலம் வீட்டுத் தெப்பக்குளத்துப் பக்கத்திலிருந்து, டாக்டர் இருக்கும் தியாகராய நகர் பனகல் பார்க் சுமார் மூன்று மைல். பஸ் உண்டு. ஆனால் கால் சரியில்லாதவரைப் படியேற்ற முடியாது. ஒரு ரூபாய் பேசி ரிக்‌ஷா வைத்தேன். வழியில் லஸ் முனையில் முழங்கால் மழைத் தண்ணீர்.

"இன்னா ஐயரே, அம்மாவுக்குக் காலு இன்னாச்சி?" என்றார் வண்டிக்காரர்.

"ரத்தக் கட்டி. ஆபரேஷன் ஆயிருக்கு. குலுங்காம போப்பா."

"நம்ம வண்டி தொட்டிலு மாதிரி கீது. ரோடுதான் குலுங்குது, அதுக்கு நான் இன்னா பண்றது?"

கமலம் சிரித்துவிட்டாள். நான் வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

டாக்டர் கமலத்தின் கையில் ரத்தம் எடுத்து, சிறு கண்ணாடிக் குழாயில் விட்டு, ஒரு மருந்தைச் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஓடுகிற ரத்தம் எப்போது நிற்கிறது என்பதுதான் சோதனை. என் ஆர்வத்தைப் பார்த்துக் கடிகாரத்தை என்னிடமே கொடுத்தார். பாலுக்கு உறை குத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் உறைந்தால் கட்டி வந்து அடைக்கும். உறையவே இல்லையென்றால் சிறு காயமும் நிற்காமல் வடியும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதுதான் வைத்தியம்.

அன்று ரத்தம் சட்டென்று நின்றுவிட்டது. டாக்டர் முகம் சுருங்கியது.

"மாத்திரையே சாப்பிடாத மாதிரி இருக்கு. ரெண்டு வாரம் முன்னாடி மூக்குல ரத்தம் வந்து நிக்கலை, மாத்திரையைக் குறைச்சேன். நாலு நாள்ல இதே மாதிரி உறைஞ்சுது; ஏத்தினேன். இப்படி ஏறி இறங்கினா மாத்திரையையே நிறுத்த வேண்டியதுதான். நிறுத்தினா அடுத்த கட்டி மூளைக்குப் போகலாம், வாத்தியார் சார்." பிறகு கமலத்திடம், "சாப்பாட்டுல ஏதாவது மாத்தம் உண்டாம்மா?" என்றார்.

"ஒண்ணும் இல்லை, டாக்டர். எப்பவும் சாப்பிடறதுதான்."

எனக்கு அந்த இலை ஞாபகம் வந்தது. "மூக்குல ரத்தம் வந்தது என்னிக்கு, கமலம்?"

"ஏகாதசி சாயங்காலம். பட்டினியோட பட்டினியா அதுவும் வந்துதேன்னு அழுதுண்டு உட்கார்ந்திருந்தேன்."

"நேத்திக்கு முன்தினம் பட்டினி கிடந்தயே, நேத்திக்கு அவ்வளவு கீரை சாப்பிட்டயே, அதை ஏன் சொல்லலை?"

"மாத்தம் உண்டான்னுதானே கேட்டார்? இருபது வருஷமா இதானே பண்றேன், அண்ணா! அதுவும் அது சாப்பாடு இல்லை, பாரணை."

டாக்டர் குழாயைக் கீழே வைத்துவிட்டார். மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும் ஒரு சத்து கீரையில் நிறைய உண்டாம். பட்டினியில் அது குறைய, மாத்திரையின் கை ஓங்கும். மறுநாள் கீரை மேல் கீரை விழ, மாத்திரை தோற்கும். நடுவில் இது தெரியாமல் டாக்டரும் மாத்திரையைக் கூட்டிக் குறைத்திருக்கிறார்.

"விரதத்தை விடச் சொல்லாதீங்கோ" என்றாள் கமலம். "கால் பிழைச்சதே பெருமாளாலதான்."

"விட வேண்டாம்மா. ஏகாதசிக்குக் கோதுமை உப்புமா சாப்பிடுங்க. கீரை தினமும் ஒரே ஒரு கரண்டி. துவாதசிக்கும் அதே ஒரு கரண்டிதான். மாத்திரை அளவை அதுக்குத் தகுந்த மாதிரி நான் வைக்கிறேன்."

"ஏகாதசிக்குமா கீரை?"

"அன்னிக்கு மட்டும் பெருமாள்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன். "உன் அண்ணா என்னிக்கு ஒழுங்கா விரதம் இருந்தான்னு அவருக்குத் தெரியும், அந்தப் பாவக் கணக்கிலேயே எழுதிக்கட்டும்."

ஊர் திரும்புவதைத் தள்ளிப்போட்டேன். அடுத்த ஏகாதசியன்று கமலம் என்னை முறைத்துக்கொண்டே உப்புமாவும் கீரையும் சாப்பிட்டாள். மூக்கில் ரத்தம் வரவில்லை. துவாதசிக்கு மறுநாள் அதே ரிக்‌ஷாக்காரர், அதே லஸ் தண்ணீர், அதே கண்ணாடிக் குழாய். நான் கடிகாரத்தைப் பிடித்திருந்தேன். ரத்தம் ஓடியது, இன்னும் ஓடியது, டாக்டர் விரும்பிய இடத்தில் நின்றது. முதல் தடவையாக மாத்திரையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

இதைப் படிப்பவர்களில் வைத்தியத்துக்காகப் பட்டணம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையிலேயே போய்விடுங்கள், சோதனைக்குக் காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் ரிக்‌ஷா கூலியை ஏறுமுன் பேசுங்கள். மேலே சொன்ன கரண்டிக் கணக்கு கமலத்துக்கு அவள் டாக்டர் வைத்தது. உங்களுக்கு உங்கள் டாக்டர் வைக்கட்டும். அவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும்போது, சாப்பிட்டதோடு நிறுத்தாதீர்கள். என்றைக்குச் சாப்பிடவில்லை என்பதையும் சொல்லுங்கள்.