ஆபீஸ் நம்பருக்குப் போன ரிப்போர்ட்

ரத்தப் பரிசோதனைக் கிளை நடத்துகிறவனுக்கு ஊசி குத்துவது சிரமமில்லை. போன் நம்பர் வாங்குவதுதான் சிரமம். பெருநகரத்து நிறுவனம் ஒன்றின் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு கோவில்பட்டியில் ரத்தம் சேகரித்து அனுப்புகிறேன். அடுத்தவர் பெயரில் கடை நடத்தும் சக பாவிகளே, பலகை அவர்களுடையது, பழி நம்முடையது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாற்பத்தொரு பக்கம்

வடை மடித்த தாளைக்கூட வாசித்துவிட்டுத்தான் எறிவேன். கிளை எடுத்தபோது நாற்பத்தொரு பக்க ஒப்பந்தத்தையும் ஒரு வரி விடாமல் வாசித்தேன். நோயாளிகளின் விவரம் நிறுவனத்தின் சொத்து. அது வெளியே போனால் கிளைக்காரர் பொறுப்பு. "புதிய தகவல் பாதுகாப்புச் சட்டம் முதலில் உங்களைத்தானே கேட்கும்?" என்றேன். மூன்று எழுத்துப்பிழைகளையும் வட்டமிட்டுக் காட்டினேன். தலைமையகத்து அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார்: "சார், இதை வாசிச்ச முதல் ஆளு நீங்கதான். கையெழுத்தை மட்டும் மத்தவங்க மாதிரியே போட்டுருங்க."

ஊருக்கு ஒரு நம்பர்

நம்பர் இல்லாமல் எங்கள் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. அதை உருவாக்கியவர், ஆளுக்கொரு போன் என்று நம்புகிறவர். இங்கேயோ வாட்ஸப் வைத்திருக்கும் ஒருவர் நம்பர் தெருவுக்கே பொது. ஒருமுறை ஒரே நம்பரில் பதினோரு பேர் நின்றார்கள். பன்னிரண்டாவதாக அதையே சொன்ன ஓட்டப்பிடாரத்துச் சம்சாரியிடம், சொந்த நம்பர்தான் வேண்டும் என்றேன். "இது டீக்கடைக்காரன் நம்பருல்லா அண்ணாச்சி. ரிப்போர்ட்டு அவனுக்குப் போனாத்தான எனக்குச் சீனி போடாம தருவான்!"

அன்று நானும் சிரித்தேன்.

சம்மதம்

நோயாளியின் சம்மதம் வாங்க வேண்டும் என்பது சட்டம். ரத்தம் எடுக்கும் பாத்திமா கட்டத்தில் ஒரு டிக் அடித்து முடித்துவிடுவார். நான் படிவம் முழுவதையும் தமிழாக்கி வாசித்துக் காட்டுவேன்.

ஓயாத அசதி என்று டாக்டர் அனுப்பி வந்தார் பேச்சியம்மாள். கழுகுமலைப் பக்கம் தீப்பெட்டி ஆலையில் வேலை. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். நம்பர் கேட்டேன். "எங்க ஆபீஸ் கணக்கப்பிள்ளை நம்பரைப் போடுங்க. அவியதான் எல்லாருக்கும் பாத்துச் சொல்லுதாவ" என்றார். கூடாது என்று எனக்குத் தெரியும். பின்னால் வரிசை நீண்டிருந்தது, அந்த நம்பரையே கணினியில் தட்டிவிட்டேன். தட்டிய கையோடு, உங்கள் விவரத்தைப் பிறர் பார்க்காமல் காப்போம் என்ற பத்தியை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார்: "போதும் அண்ணாச்சி, என் கல்யாணத்துக்கே எங்கிட்ட இம்புட்டுச் சம்மதம் கேக்கல."

தனித்தனியாக

ஹெபடைட்டிஸ் பி கிருமி இருப்பதாக முடிவு வந்தது. யாரும் அனுப்பத் தேவையில்லை. கணினியே அந்த நம்பருக்கு அனுப்பிவிட்டது. மறுநாள் ஆலையில் அவருடைய டம்ளரைத் தனியே வைத்தார்கள். அதற்கு மறுநாள் அவரையே, குணமாகி வா என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

டாக்டரின் கடிதத்தோடு ஆலைக்குப் போனேன். சேர்ந்து உட்கார்ந்தாலும் சாப்பிட்டாலும் இது ஒட்டாது என்று விளக்கினேன். கணக்கப்பிள்ளை கெட்டவர் அல்லர், உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நான் என்ன மைக் போட்டா சொன்னேன்? ரகசியமாத்தான் சொன்னேன் அண்ணாச்சி, ஒவ்வொருத்தர்ட்டயும் தனித்தனியா."

ஒரு வார்த்தை

விவரம் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடந்ததை எழுதி, மன்னிப்புக் கடிதம் கொடுக்கலாமா என்று தலைமையகத்தைக் கேட்டேன். எழுத்தில் பதில் இல்லை. அதே அதிகாரி போனில் வந்தார்: "வருத்தம்னு ஒரு வார்த்தை எழுதினாலும் தப்பை ஒத்துக்கிட்டதா ஆயிரும். அப்புறம் கிளை உங்ககிட்ட இருக்காது சார்."

மன்னிப்பு

எழுதினேன். தப்பு என்னுடையது, பேச்சியம்மாளோடு வேலை செய்வதால் யாருக்கும் ஒன்றும் வராது என்று ஒரு பக்கம். எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அவர் தண்ணீர் கொண்டுவந்தார்; கையில் தராமல் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றார். எடுத்துக் குடித்தேன். அதைப் பார்த்த பிறகுதான் கடிதத்தை வாங்கினார். இரண்டு முறை வாசித்தார். "இதையும் அந்த ஆபீஸ் நம்பருக்கே அனுப்பிருங்க அண்ணாச்சி. அங்கனதான எல்லாரும் வாசிப்பாவ."

இந்தமுறை முறைப்படி கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினேன்; வாசித்ததற்கான நீல டிக் இரண்டும் வாட்ஸப்பில் உடனே விழுந்தன. ஒப்பந்தத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. பேச்சியம்மாளை வேலைக்குக் கூப்பிட ஆலையிலிருந்து இன்னும் ஆள் வரவில்லை. தப்பாகப் போன ரிப்போர்ட் இரண்டே நாளில் ஆலை முழுவதும் சுற்றியது. சம்மதத்தோடு போன மன்னிப்பை மட்டும் இதுவரை யாரும் யாரிடமும் ரகசியமாகக்கூடச் சொன்னதாகத் தெரியவில்லை.