லஸ்கர் வராத வாய்க்கால்

தஹ்மீனாவை நான் முதலில் பார்த்தபோது அவள் தன் உம்மாவைத் தப்பாகத் தூக்கிக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்தவரை அக்குளில் கை கொடுத்து இழுத்தால் தோள் மூட்டு நழுவிவிடும். சொன்னேன். மறுநாள் சரியாகத் தூக்கினாள். ஒரு தடவை சொன்னால் போதும் என்கிற ஆட்கள் இருக்கும் வீட்டில் நர்ஸ் வேலை பார்ப்பது சுலபம்.

அவளுடைய அத்தா ஹபீப் முகம்மது நீடாமங்கலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சாக்குக் கடை வைத்திருந்தவர். அரிசி ஆலைகளுக்குச் சாக்கு, அறுவடை நேரத்தில் தார்ப்பாய். சொந்த நிலம் கிடையாது. அவர் போன பிறகு கடையும் போயிற்று. தஹ்மீனா தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் படித்தாள், சென்னையில் கேம் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். உம்மா ஜன்னத் பீவி படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். யாராவது அதைத் தியாகம் என்று சொன்னால், "அங்க மேனேஜரைப் பிடிக்கல, வந்துட்டேன்" என்பாள்.

வந்தவள் உம்மாவின் கட்டிலுக்கு எதிரிலேயே மேசையைப் போட்டுக்கொண்டு சொந்தமாக ஒரு கேம் செய்ய ஆரம்பித்தாள். இணையத்தில் பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடுவது. பெயர் 'ஒரே வாய்க்கால்'. ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் பிரியும். தலைமடையிலிருந்து கடைமடை வரை ஆளுக்கொரு வயல். நாற்று விட்டு, நட்டு, அறுத்துக் கரையேற வேண்டும். தண்ணீர் எல்லாருக்கும் பொது, சண்டையும் பொது. இதற்குப் பெரிய முதலாளி யாரும் கிடையாது. பிடித்திருந்தவர்கள் இணையத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். பாதிப்பேர் நம் பக்கத்து ஆட்கள், கத்தாரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்கள்.

பணம் போட்டவர்களுக்குத்தான் முதலில் ஆடக் கொடுப்பார்களாம். அதற்கு ஆல்ஃபா சோதனை என்று பெயர். அரை வேக்காட்டுச் சோற்றைப் போட்டு உப்பு சரியா என்று கேட்பது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். தஹ்மீனா அவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். சோதனைக்கு வருகிறவர்களில் பாதிப்பேராவது அறுவடை வரை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கேமை மூடிவிடுவாள். மூடினால் பெங்களூர்தான். அங்கே ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது, திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாதாம். ஜன்னத் பீவியையும் பெயர்த்துக்கொண்டு போக வேண்டும். இப்போதுதான் அந்த அம்மா கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானாக மாறப் பழகியிருந்தார்.

சனிக்கிழமை காலை சோதனை ஆரம்பித்தது. கூடச் சேர்ந்து வேலை செய்யும் பிரின்ஸி தரங்கம்பாடியிலிருந்து லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தாள். ஆட்கள் வந்தார்கள். உழுதார்கள், வரப்பு அண்டை வெட்டினார்கள், நாற்றங்காலுக்கு விதை தெளித்தார்கள். சென்னை நண்பர்களை வைத்து ஆடிப் பார்த்தபோது எவனும் வரப்பைத் திரும்பிப் பார்த்ததில்லையாம். தஹ்மீனாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு எல்லாரும் போய் அவரவர் வரப்பில் உட்கார்ந்துகொண்டார்கள்.

வயல் காய்ந்தது. விதை காய்ந்தது. யாரும் அசையவில்லை. ஒவ்வொருவராக வெளியே போக ஆரம்பித்தார்கள்.

"ஷட்டர் வேலை செய்யலயாடி?" என்றாள் பிரின்ஸி.

தஹ்மீனா தானே போய்ப் பார்த்தாள். வாய்க்கால் தலைப்பில் மதகு, மதகில் ஷட்டர், ஷட்டரைத் தூக்க ஒரு கைப்பிடி. யார் சுற்றினாலும் தூக்கும், தண்ணீர் வரும். அப்படித்தான் செய்திருந்தாள். சென்னையில் அந்தக் கைப்பிடிக்காக அடித்துக்கொண்டார்களாம். இங்கே காலையிலிருந்து ஒருத்தர்கூட அதைத் தொடவில்லை.

ஆடுகிறவர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் அவள் எழுதினாள்: "மதகு அங்கதான் இருக்கு. போய்த் திறக்கலாமே?"

கடைமடை வயல்காரர் மரியஅந்தோணி. மன்னார்குடிப் பக்கம், இப்போது தோஹாவில் டிரைவர். அவர் எழுதினார்: "திறக்கலாம்தான். லஸ்கர் எங்க?"

தலைமடையில் இருந்த ஜெக்கரியா சேர்ந்துகொண்டார். "சர்க்கார் மதகுல நாம கை வச்சா கேஸ் ஆயிடும்மா. லஸ்கர் வரட்டும்."

"மேல இருந்து உத்தரவு வரலயோ என்னமோ" என்றார் இன்னொருவர்.

வாசிக்க வாசிக்க பிரின்ஸி சிரித்தாள். தஹ்மீனா சிரிக்கவில்லை. ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புப் பக்கம் சைக்கிளில் போய்வந்து வளர்ந்த பெண். ஷட்டரைப் பார்த்திருக்கிறாள், தண்ணீரைப் பார்த்திருக்கிறாள். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கரையில் நடந்து வந்து ஷட்டரைத் தூக்கி இறக்கும் பொதுப்பணித்துறை ஆளை, அந்த லஸ்கரையும் பார்த்திருக்கிறாள். சாக்குக் கடைக்காரர் மகளுக்கு அந்த ஆளிடம் ஒரு வேலையும் இருந்ததில்லை. அதனால் அவரை மட்டும் விட்டுவிட்டு ஆறு வரைந்துவிட்டாள்.

"ஒரு மெசேஜ் போட்ரு. யாரு வேணாலும் திறக்கலாம், பயப்படாதீங்கன்னு" என்றாள் பிரின்ஸி.

"போட்டா ஜெக்கரியா திறப்பாரு. அவருக்கு ரொம்பினதும் மூடிடுவாரு. கடைமடைக்காரரு யார்கிட்ட போய்ச் சண்டை போடுவாரு? பேசாம வெளிய போயிடுவாரு."

"அப்ப என்னதான் பண்ணப்போற?"

"நிறுத்துறேன். கைப்பிடியை எல்லார்கிட்டேருந்தும் எடுத்துட்டு ஒரு லஸ்கரைப் போடுறேன்."

"சோதனை நடுவுல கை வைக்கக் கூடாதுன்னு நீதானடி சொன்ன. நிறுத்தினா உள்ள இருக்கறவங்க எல்லாரும் வெளிய விழுவாங்க. திரும்பி வரலன்னா? பெங்களூர்ல எனக்கும் ஒரு ரூம் பாரு."

தஹ்மீனா நிறுத்தினாள். திரை கறுத்தது. அன்று மத்தியானம் அந்த வீட்டில் ஜன்னத் பீவியும் நானும்தான் நேரத்துக்குச் சாப்பிட்டோம். அவள் ஒரு காக்கிச் சட்டை வரைந்தாள், கைப்பிடியையும் ஒவ்வொரு வயலின் மடையைத் திறந்து மூடுவதையும் அந்தச் சட்டைக்காரனிடம் மட்டும் கொடுத்தாள். லஸ்கராக ஆட வேறு ஆள் இல்லை, தானே உள்ளே இறங்கினாள். எல்லாருக்கும் ஒரு வரி அனுப்பினாள்: "லஸ்கர் வந்துவிட்டார்."

ஓரிருவர் எட்டிப் பார்த்தார்கள். காக்கிச் சட்டை கரையில் நடந்து போய் ஷட்டரைத் தூக்கியது. அவர்கள் போய் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் காலையில் போனவர்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள், திட்டுவதற்கென்றே.

"லஸ்கர் சார், தலைமடைக்காரன் உங்களுக்கு மச்சானா?" இது மரியஅந்தோணி.

"லஸ்கர், ஒரு டீ சாப்பிட்டுப் போங்க. அப்படியே ஷட்டரை ஒரு சாண் தூக்கிட்டுப் போங்க." ஜெக்கரியா.

"டீயைக் குடிச்சாரு, பாருங்க எல்லாரும்."

"யோவ், அவரு டீ குடிக்கவே இல்லய்யா. என் வயல்லதான் நிக்கறாரு."

தஹ்மீனா கரையில் மேலும் கீழும் ஓடினாள். தலைமடையை மூடினால் அங்கே வசவு, திறந்தால் கடைமடையில் வசவு. பிரின்ஸி ஒவ்வொரு வசவையும் சத்தமாக வாசித்தாள். மச்சான் கேள்வி வந்தபோது ஜன்னத் பீவி சிரித்தார். வாதம் வந்த இடப்பக்க வாயும் கூட அசைந்தது. அதை டாக்டரிடம் சொல்ல மனதில் வைத்துக்கொண்டேன்.

"உங்க பொண்ணை ஊரே திட்டுது, நீங்க சிரிக்கறீங்களே" என்றேன்.

"திட்..டட்டும்" என்றார். "நின்னு... திட்டறாங்கள்ல."

ஞாயிற்றுக்கிழமை நடவு முடிந்து கதிர் பிடித்தது. அந்த ஆட்டத்தில் ஒரு போகம் இரண்டு நாளில் முடிந்துவிடும். சாயங்காலம் தலைமடையில் அறுத்தார்கள், பிறகு நடுமடையில். அறுத்தவர்கள் வீட்டுக்குப் போகலாம். போகவில்லை. கடைசி வயலில் மரியஅந்தோணியின் கதிர் பழுக்கும்வரை வரப்பில் நின்று, லஸ்கர் தலைமடையிடம் டீ குடித்தாரா இல்லையா என்று வழக்காடினார்கள். மரியஅந்தோணி அறுத்து முடித்தபோது பிரின்ஸி கணக்கெடுத்தாள். பாதிக்கு வெகு மேலே.

"அடுத்த போகத்துக்கு நான் லஸ்கர்" என்று எழுதினார் மரியஅந்தோணி.

"கடைமடைக்காரனை லஸ்கராப் போட்டா தலைமடை தரிசுதான்" என்றார் ஜெக்கரியா. "நான் வரேன்."

"நீ டீக்கடை வையி."

தஹ்மீனா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். உம்மாவை ராத்திரிக்குக் கட்டிலுக்கு மாற்றும் நேரம். இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, முட்டியை மடக்கி, சரியாகத் தாங்கினாள். ஜன்னத் பீவி தானே திரும்பி உட்கார்ந்தார்.

"பெங்களூருக்கு என்ன சொல்லப்போற?" என்று கேட்டேன்.

"சொல்லியாச்சு சிஸ்டர். வரலன்னு. மரியஅந்தோணி அறுக்கும்போதே அனுப்பிட்டேன்."

"கணக்கு எடுக்கறதுக்கு முன்னாடியேவா?" என்றாள் பிரின்ஸி.

"வரப்புல நின்னவங்களை எண்ணிப் பார்க்கணுமா என்ன?" என்று சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பினாள். ஒரு போகத்துக்கு ஒரு லஸ்கர், ஆடுகிறவர்களே கூடித் தேர்ந்தெடுக்கும்படி மாற்ற வேண்டும் என்றாள். தான் மறுபடியும் அந்த வேலைக்கு வருவதாக இல்லை என்றும் சொன்னாள். அடுத்த சோதனைக்கு எனக்கும் ஒரு வயல் ஒதுக்கியிருக்கிறாள். கடைமடையில்தான் கேட்டு வாங்கினேன்.