மஸ்கட்டுக்குப் போன கேசட்

எண்பதுகளின் கடைசியில் என் கணவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். அவருக்குக் கடிதம் எழுத வராது. அதனால் எங்கள் பேச்சு கேசட்டில்தான் நடந்தது. லீவில் ஊருக்கு வருகிற யாராவது அவர் பேசிய கேசட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர்கள் திரும்பிப் போவதற்குள் மறுபக்கத்தில் நாங்கள் பேசிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த முறை கொண்டுவந்தவர் அவரோடு அங்கே தங்கியிருந்த ஒரு சேலையூர்க்காரர். கேசட்டில் என் கணவர் வழக்கம்போல அந்த ஊரைப் பற்றிச் சொல்லியிருந்தார். கரண்ட் போனதே இல்லை. குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர், வெந்நீர்கூட வரும். ரோட்டில் ஒரு காகிதம் கிடக்காது. மேற்குத் தாம்பரத்தில், இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும் லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வந்து நான் அதைக் கேட்டேன்.

நாலைந்து தடவை கேட்ட பிறகுதான் மற்றதெல்லாம் காதில் விழுந்தது. அவர் குரலுக்குப் பின்னால் யாரோ விடாமல் இருமினார்கள். கட்டில் கிறீச்சிட்டது. ஒரு ஆள், "போதும்ப்பா, காலைல டூட்டி" என்றார். அதற்குப் பிறகு என் கணவரின் குரல் அடைத்துக்கொண்ட மாதிரி வந்தது. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு பேசியிருக்கிறார் என்று புரிந்தது. அதற்குள்ளிருந்துதான் அவர் கேட்டார்: "அக்ரிமென்ட் முடியுது. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து போடவா, வந்துடவா? நீ சொல்றதுதான்."

ஒரு அறையில் எத்தனை பேர் என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பதில் எனக்குத் தெரியும். சொல்வதுதான் சிக்கல். நாங்கள் இருந்தது அவருடைய அண்ணன் குடும்பத்தோடு. கேசட் போட்டுக் கேட்கிற பொத்தானை மட்டும் அண்ணன் எனக்குக் காட்டியிருந்தார். பதிவு செய்வது அவர்தான். அவர் முன்னால் நான் உட்கார்ந்ததில்லை, முழுதாக ஒரு வாக்கியம் பேசியதும் இல்லை. எங்கள் பக்கத்தில் கணவரின் அண்ணன் என்றால் அப்படித்தான். எனக்குக் கூச்சம் வேறு.

சேலையூர்க்காரர் கிளம்புகிற நாள். ஐந்து மணிக்கு வந்து கேசட்டை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். நாலரைக்கு அண்ணன் முதலில் பேசினார்.

"டேய், யோசிக்காத, கையெழுத்து போட்டுடு. அங்க ராஜா மாதிரி கீற. இங்க வந்து இன்னா பண்ணுவ? குரோம்பேட்டைல எவன் கடைலயாவது ஃபேன் ரிப்பேர் பண்ணிக்கினு இருப்ப. வண்டலூர்ல மனை வாங்கினது புல்லு முளைக்கறதுக்கா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீயும் சொல்லும்மா. நல்லா கீறோம், போட்டுடுங்கன்னு" என்று என் பக்கம் திரும்பினார்.

நான் நிலைப்படியைத் தாண்டி வந்தேன். ரிக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. "நல்லா இருக்கோம்" என்றேன். ரிக்கார்டருக்கு அது எட்டியிருக்காது.

"சத்தமா."

நான் ரிக்கார்டர் பக்கம் குனிந்தேன். அந்நேரம் கரண்ட் போயிற்று.

"பேஜாரு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு அவர் பேட்டரி வாங்கத் தெருமுனைக்குப் போனார். அவர் மனைவி லாரிக்காகக் காத்திருந்தார். வீட்டில் நான் மட்டும். அவர் வந்ததும் 'போட்டுடுங்க' என்று சொல்லத்தான் போகிறேன், எனக்கே தெரிந்தது. நின்ற இடத்திலேயே நின்றேன்.

கரண்ட் வந்தது. ஃபேன் சுழன்றது. ரிக்கார்டரில் அழுத்தியிருந்த பொத்தான்களை யாரும் விடுவிக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்து, கேசட் தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

பேசிவிட்டேன். "பின்னாடி இருமறது யாருங்க? போர்வைக்குள்ள இருந்துதானே பேசினீங்க? இங்க தண்ணி இல்ல, கரண்ட் இல்ல. எல்லாம் அப்படியேதான் இருக்கு. இருந்தாலும் இங்க நீங்க சத்தமா பேசலாம். வந்துடுங்க."

சத்தமாகப் பேசுவதைப் பற்றிச் சொல்ல நான் யார் என்று பிறகுதான் தோன்றியது.

அண்ணன் திரும்பி வந்தார். கேசட் சுற்றுவதைப் பார்த்து நிறுத்தினார். "எங்க விட்டோம்?" என்று பின்னால் ஓட்டிப் போட்டார். என் குரல் வந்தது. கடைசிவரை கேட்டு, மறுபடி பின்னால் ஓட்டினார். அவர் கட்டைவிரல் பதிவுப் பொத்தானின் மேல் இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் நான் பேசியது அழிந்துவிடும். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

வாசலில் சேலையூர்க்காரர், "டைம் ஆச்சுண்ணா, மீனம்பாக்கம் ஏர்போர்ட் போவணும்" என்றார்.

அண்ணன் கேசட்டை எடுத்தார். என்னைப் பார்க்காமல், "இருமறது அவனா?" என்றார்.

"இல்லீங்க. பக்கத்துக் கட்டில்ல."

வெளியே போய்ச் சேலையூர்க்காரரைக் கேட்டார். "ரூமுல எத்தினி பேருப்பா?"

"பதினோரு பேருண்ணா. கிரிக்கெட் டீமு. ஆனா ஏசி ரூமு" என்று அவர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. கேசட்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார். அதைப் பற்றி என்னிடம் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

மூன்றாம் மாதம் என் கணவர் வந்துவிட்டார். வேலை குரோம்பேட்டையில் ஒரு ரிப்பேர் கடையில்தான் கிடைத்தது. கரண்ட் போகும்போதெல்லாம், "அங்க போனதே இல்ல" என்பார். நான் விசிறியை எடுத்துக் கொடுப்பேன். வந்து பல வாரம் ஆகியும், பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி மெதுவாகவே பேசினார்.

ஒரு நாள் காலையில் லாரி வந்தபோது எவனோ எங்கள் குடத்தைத் தள்ளிவிட்டு முந்தினான். "யோவ், வரிசை இன்னாத்துக்கு கீது? கண்ணு தெரியல?" என்று என் கணவர் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அந்தச் சண்டை முடிவதற்குள் லாரி காலியாகி, அன்றைக்கு எங்களுக்கு அரைக் குடம்தான் கிடைத்தது.